ஒளியில் உறையும் மருந்து

காயத்தைக் காற்றுப்பட உலரவிட வேண்டும் என்பது எங்கள் மாத்தளைப் பகுதியில் முதியோர் கூறும் அறிவுரை. மிளகு பறிக்கையில் ஏணியினின்று வழுக்கியவர்க்கும், தேயிலை கவ்வாத்துச் செய்கையில் கத்தி பட்டவர்க்கும் இதுவே சொல்லப்படும். ஆயின், 1962ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் வின்ரர் என்னும் ஆய்வாளர், ஈரம் காக்கப்பட்ட காயம் உலரவிட்டதினும் ஏறத்தாழ இருமடங்கு விரைவிற் புதுத்தோலால் மூடப்படுவதைப் பன்றிகளிற் கண்டறிந்தார். பொருக்கு உலர்ந்து தடித்தால், புதுத்தோல் அதன் அடியிலே வழிதேடி ஊர்ந்து செல்ல நேரிடுகின்றது.

இவ்வுண்மையின் அருமையை எனக்கு உணர்த்தியது என் அன்னையார் காலில் நீரிழிவினால் உண்டான புண். துணிக்கட்டை அவிழ்க்குந்தோறும் அதனோடு ஒட்டிய புதுத்தோலும் உரிந்து வரும். பத்து நாளில் ஆறியது ஒரு நொடியிற் பாழாகும். அவிழ்க்கவே தேவையில்லாத கட்டு ஒன்று உலகில் இல்லையா என அவர் ஒருநாள் கேட்டார்.

அத்தகைய பொருளுக்கு வழி திறந்தது 1993இல். டெல்லி இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்ற அமர்பிரீத் சாஹ்னி, அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், தம் ஆசிரியர் ஜெப்ரி ஹபெலுடனும் சந்திரசேகர் பாதக்குடனும் சேர்ந்து ஒரு ஹைட்ரோஜெல்லை உருவாக்கினார். ஹைட்ரோஜெல் என்பது நுங்கைப்போல நீரைத் தன்னுள் தேக்கிவைக்கும் மென்பொருள்.

அதன் அமைப்பை நோக்குங்கள். நடுவிலே நீரை விரும்பும் பொலிஎதிலீன் கிளைக்கோல் சங்கிலி. அதன் இருபுறமும் தயிருக்குப் புளிப்பூட்டும் இலற்றிக் அமிலம் போன்றவற்றின் கூறுகள். நுனிகளில் ஒன்றோடொன்று கைகோக்கும் பிணைப்புகள். பல் வைத்தியர் நீல ஒளி காட்டிப் பற்குழியின் அடைப்பை இறுகச் செய்வதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே, ஒளியினால் தூண்டப்படும் பொருளொன்றைச் சிறிது கலந்து ஒளி பாய்ச்சினால், திரவம் இருந்த இடத்திலேயே, அவ்விடத்தின் வடிவிலேயே உறைந்துவிடும். உள்ளே கலந்த மருந்து மெல்லமெல்லக் கசியும். அமிலக் கூறுகளை உடலின் நீரே அறுக்க, சேர்க்கைக்கேற்ப ஒரு நாளிலோ சில மாதங்களிலோ அது கரைந்து மறையும்.

இவ்வகைக் கூழொன்றை, நுரையீரல் அறுவையின்பின் காற்றுக் கசிவை அடைப்பதற்கு, 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதித்தது. புண்ணுக்கு மருந்தூட்டும் வகைகளிற் பல இன்னும் ஆய்வுகூடங்களிலேயே இருக்கின்றன. அவை வருமளவும், நீரிழிவுடையோர் சிறு கொப்புளத்தையும் வைத்தியரிடம் காட்டுவதே அறிவுடைமை.

பல்பகுதியம் பற்றிய பாடத்தைப் புள்ளிகளுக்காக மனனம் செய்யும் மாணவரிடம் யான் இப்போது என் அன்னையாரின் வினாவையே கேட்கின்றேன். அதற்கான விடையின் பாதி அப்பாடத்திலேயே இருக்கின்றது.