முதல் மிதிவண்டி

ஒகேனக்கல் நோக்கி இறங்குகையில் எந்த மிதிவண்டியும் பறக்கும். பென்னாகரத்திற்கு மீண்டும் ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும். விடுமுறை நாள்களில் அவ்வழியே வேலைக்குச் செல்ல வேண்டிய என் தம்பி, வளைந்த கைப்பிடியும் மெலிந்த சக்கரமும் கொண்ட வண்டியொன்றை விரும்பினான். கையிலிருந்ததோ அம்மா புளி தட்டிச் சேர்த்த 8,000 ரூபாய்.

அத்தொகைக்குக் கடையில் கிட்டிய புதியவற்றில் பளபளப்பு மிகுதி, எடையும் மிகுதி. ஆகவே பழையதொன்றைத் தேடினோம். அப்பா ஓட்டிய வண்டியில் முன்பல்சக்கரத்திற்கு 44 பற்கள், பின்னதற்கு 18. மிதியை ஒருமுறை சுழற்றினால் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை உருளும். மேட்டில் முழங்கால் தாங்காது. முன்னே 34, பின்னே 28 என அமைந்த கியரிலோ ஒன்றேகால் முறைக்கும் குறைவே. காலுக்கு வேண்டிய அழுத்தம் பாதியாகிவிடும். வண்டி வாங்குவோர் முதலில் பல்லைப் பார்க்க வேண்டும் என்பேன். மாடு பிடிப்போர் செய்வதும் அதுதானே!

அடுத்தது சட்டகம். அது வளைந்தோ விரிசல் கண்டோ இருப்பின், எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடலாம். ஏனைய உறுப்புகள் மாற்றத்தக்கவை. செயினில் 24 கண்ணிகளின் நீளம் 12 அங்குலம். அது 1/8 அங்குலம் மிகுந்திருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். விட்டுவைத்தால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். நாங்கள் பார்த்த வண்டியில் மிகுந்தே இருந்தது. அதைக் காட்டியே விலையை 6,500 ரூபாய்க்குக் குறைத்தோம். எஞ்சியதில் புதிய செயினும் பிரேக் கட்டைகளும் வாங்கினோம். வண்ணம் உரிந்திருக்கிறதே என்னும் குறை தம்பிக்கு இன்னும் உண்டு.