இரண்டரை மில்லிமீட்டர்

நிக்கான்காரர்களும் கேனான்காரர்களும் பிராண்டைக் கட்சி மாதிரிதான் பேசுவார்கள். அந்தக் கணக்கில், பல வருடம் நிக்கானோடு இருந்துவிட்டு செகண்ட் ஹேண்டில் கேனான் 5டி வாங்கிய நான் கட்சி தாவியவன். ஆனால் அதை வாங்கியதே நிக்கானின் லென்ஸ்களுக்காக, என் பழைய நிக்கார்களுக்காகத்தான்.

பீரோவில் இருந்தவை இரண்டு: ஒரு 50 மி.மீ., ஒரு 28 மி.மீ. இரண்டும் ஃபிலிம் காலத்தவை. கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கும். என்னிடமிருந்த டிஜிட்டல் நிக்கானின் சென்சார் சுமார் 24-க்கு 16 மி.மீ. ஃபிலிம் ஃபிரேமோ 36-க்கு 24. பரப்பில் பாதிக்கும் மேல் ஓரங்களில் வெட்டுப்பட்டுப் போகும். 50 மி.மீ. லென்ஸ் 75 போலப் பார்க்கும். 28-க்கு வைட் என்ற பெயரே பொருந்தாது. நல்ல கண்ணாடி இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

நிக்கானிலேயே ஃபுல் ஃபிரேம், அதாவது ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமரா வாங்கலாமே என்றால், நிக்கான் அந்தப் பக்கம் வந்ததே 2007-இல், டி3 மூலம். அடுத்த வருடம் வந்த டி700 பழையதாகக்கூட என் கைக்கு எட்டவில்லை. கேனான் முந்திக்கொண்டது. 2002-இல் வந்த அதன் 1டிஎஸ் 7,999 டாலர். 2005-இல் 5டியை 3,299 டாலருக்குக் கொடுத்தது, 12.8 மெகாபிக்சல். அதில் வீடியோ கிடையாது, லைவ் வியூவும் கிடையாது. எனக்கு விற்றவர் கல்யாண போட்டோகிராபர். "இப்பல்லாம் வீடியோ இல்லாம யாரும் கூப்பிடறதில்ல சார். இது சும்மாத்தான் கிடக்கு" என்றார். படத்தின் தரத்தில் ஒரு குறையும் இல்லாத கேமரா 20,000 ரூபாய்க்குள் வந்தது.

நிக்கார் லென்ஸ் கேனானில் உட்காருவதற்குக் காரணம் ஒரு சிறு அளவு. லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம் நிக்கானில் 46.5 மி.மீ.; 1959 முதல் அதே அளவு. 1987-இல் வந்த கேனான் இஎஃப் மவுண்டில் 44. மிச்சமுள்ள இரண்டரை மில்லிமீட்டரில் ஒரு உலோக வளையம் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். நடுவில் கண்ணாடி எதுவும் வேண்டாம். கேனான் லென்ஸை நிக்கானில் இப்படிப் போட முடியாது. போட்டால் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது.

வாங்கும்போது ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். நிக்கானில் ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தால் ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்று தெரிந்துவிடும். 5டி அதைப் படத்தில் எழுதி வைப்பதில்லை. உடம்பைப் பார்த்துத்தான் வயதை ஊகிக்க வேண்டும். ஃபிளாஷ் செருகும் இடத்தில் பெயிண்ட் போய் வெள்ளை உலோகம் தெரிந்தது. கல்யாண மண்டபங்களில் உழைத்த அடையாளம். கிரிப் ரப்பர் வழவழத்திருந்தாலும் எங்கும் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. வெள்ளைச் சுவரை எஃப்22-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்; மேல் மூலையில் நாலைந்து தூசிப் புள்ளி, அவ்வளவுதான். 5டியில் உள்ளே இருக்கும் கண்ணாடி ஒட்டு விட்டு விழுவது தெரிந்த கதை. கேனானே அதை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அந்த வேலை முடிந்த பாடிதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். சென்னைக் காற்றில் ஃபங்கஸ் பயம் வேறு. வியூஃபைண்டருக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்காமல் பணத்தை எடுக்கக்கூடாது.

நிக்கார் மாட்டியதும் அப்பர்ச்சர் எண் வர வேண்டிய இடத்தில் 00 என்று வரும். லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. வளையத்தை முழுக்கத் திறந்து ஃபோகஸ் பார்த்துவிட்டு, கிளிக் கிளிக்கென்று எண்ணி எஃப்5.6-க்கு இறக்க வேண்டும். இறக்க இறக்க வியூஃபைண்டர் இருட்டிக்கொண்டே வரும். கையால் ஃபோகஸ் செய்பவர்களுக்கென்றே இஇ-எஸ் என்ற திரை உண்டு. கிடைத்தால் மாற்றிவிடுவது நல்லது. மீட்டரில் பிளஸ், மைனஸ் இரண்டும் நிக்கானுக்கு நேரெதிர் பக்கம். விரல்கள் பழக நாள் ஆயின. ஆனால் ஃபோகஸ் வளையம் பழைய திசையிலேயே சுற்றுகிறது, அது லென்ஸின் சொத்தல்லவா.

திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டிங் கடை இருக்கிறது. அகலம் ஆறு அடி தேறாது. முன்பு அதே 50-ஐ வைத்து அங்கே படமெடுக்க நான் சாலையில் நிற்க வேண்டும். நடுவில் ஸ்கூட்டர்கள் போகும். இப்போது வாசற்படியிலேயே நிற்கிறேன். ஊசி கோக்கும் கை, பசைக் கிண்ணம், தலைக்கு மேல் அடுக்கிய கணக்குப் புத்தகங்கள் எல்லாம் ஒரே ஃபிரேமில் அடங்குகின்றன. ஐஎஸ்ஓ 1600-இல் கொஞ்சம் மணல் தட்டுகிறது. எனக்கு அது உறுத்தவில்லை. 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்கு 240 பிக்சலுக்கு மேல் நிற்கிறது.

அப்பர்ச்சர் வளையம் இல்லாத 'ஜி' வகை நிக்கார்கள் மட்டுமே வைத்திருப்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து டி700 தேடட்டும். வளையம் உள்ள லென்ஸ் ஒன்றாவது வீட்டில் தூங்கினால், எதிர்க்கடையில் தாராளமாக விலை கேட்கலாம்.