அம்பாசிடரின் பெட்ரோல் முள்

பழைய அம்பாசிடரில் பெட்ரோல் மீட்டர் தப்பாகக் காட்டினால், திண்டுக்கல்லில் என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, “புது மீட்டர் கிடைக்குமாண்ணே?” என்றுதான். தேடினால் கிடைக்கும். ஆனால் 2014-இல் உத்தரபாராவில் உற்பத்தியே நின்றுபோன கார் அது. கூடப் பிறந்த மீட்டரைக் கழற்றி எறிய எனக்கு மனசு வருவதில்லை. பெரும்பாலும் மீட்டரில் கோளாறும் இருக்காது.

சாவியைத் திருப்பியதும் முள் எப்படி எழுகிறது என்று பார்ப்பேன். சட்டென்று துள்ளி நின்றால் காந்தச் சுருள் மீட்டர், பழைய காலத்தது. நிதானமாக ஏறினால் தகடு மீட்டர். அதில் கரண்ட் பாய்ந்து இரட்டை உலோகத் தகடு சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. சிறுமலை ஏறுகிற டிரைவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். அந்த 18 கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் டேங்குக்குள் அலைய, காந்த முள் கூடவே ஆடும். தகடு முள் கண்டுகொள்ளாது. மாடலை வைத்து மட்டும் வகையை முடிவுகட்டக் கூடாது. இத்தனை வருஷத்தில் டேஷ்போர்டை யார் பிரித்து எதை மாட்டினார்களோ!

வகை தெரியாமல் வயரைத் தொட்டால் குழப்பம்தான் மிஞ்சும். டேங்க் யூனிட்டிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டால் காந்த முள் ஃபுல்லுக்குப் போகும். தகடு முள் காலிக்கு விழும். அதே வயரை ஒரு நொடி பாடியில் தொட்டு எர்த் கொடுத்தால் இரண்டும் தலைகீழ். டேங்கின் எர்த்தில் துரு ஏறினாலும் வயரைக் கழற்றியதுபோலத்தான்: தகடு மீட்டர் இருப்பதைக் குறைத்துக் காட்டும், காந்த மீட்டர் கூட்டிக் காட்டும். குறைத்துக் காட்டினால் பாதகமில்லை, சீக்கிரமே பங்குக்குப் போவோம். கூட்டிக் காட்டும் மீட்டர்தான் நத்தம் ரோட்டில் ராத்திரி நேரத்தில் குடும்பத்தோடு நிறுத்திவிடும். அதனால் அந்த வகை வண்டி வந்தால் முதல் வேலையாக எர்த் பிடிக்கும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாடிக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துவிடுவேன். பல வண்டிகள் அதோடு சரியாகிவிடும்.

தகடு மீட்டர் வண்டியில் டெம்பரேச்சர் முள்ளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று பின்னால் இருக்கிறது. அதன் எர்த் விட்டுப்போனால் பேட்டரியின் முழு வோல்ட்டும் பாய்ந்து இரண்டு முள்ளும் கூட்டிக் காட்டும். எஞ்சின் சூடாகிறது என்று நினைத்து ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு.

இத்தனையும் பார்த்த பிறகுதான் டேங்கைத் திறக்க வேண்டும். அதற்கு முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றியாக வேண்டும். ஒரு பொறி போதும். வயர் சோதனையையும் டேங்குக்குத் தள்ளியே செய்வேன்.

உள்ளே இருப்பது ஒரு மிதவை, ஒரு கை, அது உரசிப்போகும் கம்பிச்சுருள். பித்தளை மிதவையைக் குலுக்கினால் சளசளவென்று கேட்கக் கூடாது, கேட்டால் ஓட்டை. வெந்நீரில் முக்கினால் குமிழி வருமிடம் தெரியும். உள்ளே போன பெட்ரோலைச் சுத்தமாக வடித்துக் காயவைத்த பிறகே ஈயம் வைக்க வேண்டும், அதுவும் மெல்லிசாக. பற்று தடித்தால் மிதவை கனத்துத் தாழ்ந்துவிடும். இதற்கு நான் நாகல் நகர் பூட்டுப் பட்டறைக்குத்தான் போவேன். பித்தளையோடு வாழ்ந்த கைகள் இந்த ஊரில் இருப்பது என் தொழிலுக்குக் கிடைத்த வரம்.

கம்பிச்சுருளைப் பார்த்தால் சொந்தக்காரர் எப்படிப் பெட்ரோல் போடுவார் என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுபவர் வண்டியில் காலி பக்கத்துக் கால்பங்கு மட்டும் தேய்ந்திருக்கும், மிச்சம் புதுசாக மின்னும். மல்டிமீட்டர் வைத்துக் கையை மெதுவாக நகர்த்தினால் தேய்ந்த இடத்தில் அளவு குதிக்கும். அதற்காகப் புது யூனிட் தேட வேண்டாம். உரசும் நுனியைச் சற்றே வளைத்து, தேயாத தடத்தில் ஓடவிட்டால் போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இப்போது துருவையும் சேர்த்தே தேடுகிறேன்.

கடைசியில் அளவு பிடிக்க வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டேங்கிலிருந்து வடித்த பெட்ரோலை அளந்து ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் நிலைத்த பிறகு தாளில் குறிப்பேன். டேங்க் ஒரே சீரான வடிவமில்லை. பாதி முள் பாதி டேங்க் ஆகாது. மேல்பாதி முன்னே பின்னே இருந்தாலும் நான் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. ஐந்து லிட்டர் மிச்சமிருக்கும்போதே முள் காலியைத் தொடும்படி மிதவைக் கையை வளைத்துவைப்பேன். பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு அந்த ஐந்து லிட்டரில் ஒட்டன்சத்திரம் தாராளமாகப் போகலாம். பழனி போக வேண்டுமென்றால் கிளம்பும்போதே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பேன்.