பகைவரைத் தேடாத வீரம்

கையில் வலிமையும் நெஞ்சில் சினமும் மிக்க இளைஞரிடம் 'அடங்கு' என்று சொல்வது எளிது. அவ்வலிமைக்கு வழி காட்டுவதே அரிது. இளைஞரோடு பல்லாண்டு பழகிவரும் நாம் இதனை நாள்தோறும் காண்கிறோம். இந்தோனேசியாவின் மேற்குச் சுமாத்திராவில் வாழும் மினங்கபாவு மக்கள் இதற்குக் கண்ட வழி 'சிலெக்' என்னும் தற்காப்புக் கலை.

மினங்கபாவு மக்கள் இஸ்லாமியர். எனினும் அவர்களுடையது தாய்வழிச் சமூகம். குலத்தின் வீடும் விளைநிலமும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. குலவீட்டின் அறைகள் பெண்களுக்கு உரியவை. ஆதலால் சற்றே வளர்ந்த சிறுவர்கள் இரவில் 'சூராவ்' என்னும் தொழுகைக்கூடத்தில் தங்குவது முன்னாள் வழக்கம். அங்கே திருக்குர்ஆன் ஓதக் கற்றார்கள், சிலெக்கும் பயின்றார்கள். இறைவன்முன் பணிந்த அதே உடல்தான் அடிக்கவும் தடுக்கவும் பழகியது.

இக்கலையில் கைவீச்சினும் கால்வைப்பே முதன்மை. தாழ்ந்து நின்று, தரையை உணர்ந்து, தாக்க வருபவனின் வேகத்திற்கு விலகி இடங்கொடுத்து, அவ்வேகத்தாலேயே அவனை நிலைகுலையச் செய்வர். பகைவனைத் தேடாதே, எதிர்ப்பட்டால் ஒதுங்காதே என்பது அவர்தம் முதுமொழி. மற்றொன்று இன்னும் ஆழமானது: சிலெக் புறத்தே நண்பனைத் தேடுகிறது, அகத்தே இறைவனைத் தேடுகிறது. அடிக்கக் கற்பிக்கும் கலை, தேடச் சொல்வது நண்பனை! பயிற்சியில் எதிரே நிற்பவன் தோழனே அன்றோ? அவன் உடலுக்கு ஊறு நேராமல் காப்பதே முதற்பாடம்.

வளர்ந்த இளைஞன் பொருளும் அறிவும் தேடி ஊரைவிட்டுப் புறப்படுவதை அவர்கள் 'மெரந்தாவ்' என்பர். அயலூரில் அவனுக்கு நிலமில்லை, உறவில்லை. கூடச் செல்வது இந்த அடக்கம் ஒன்றே. ஊரில் தங்கியவர்களோ சிலெக்கின் அசைவுகளை வட்டமாக நின்று ஆடும் 'ரண்டாய்' என்னும் கூத்தாகவும் வளர்த்தார்கள்.

2019இல் யுனெஸ்கோ, சிலெக்கை உள்ளடக்கிய 'பெஞ்சாக் சிலாட்' மரபுகளை மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. மகிழத்தக்கதே. ஆனால் இன்று சிறுவர்கள் சூராவில் உறங்குவது அருகிவிட்டது. அடிமுறையை அரங்கிலும் கற்பிக்கலாம், பதக்கமும் வழங்கலாம். ஓங்கிய கையை நிறுத்தும் பக்குவமோ, மூத்தோர் அருகிருந்து பல இரவுகள் பொறுமையோடு ஊட்டியது.

இளைஞருக்குக் கலையைக் கொடுப்பது எளிது. நம் இரவுகளைக் கொடுப்போமா?