காயலான் கடை விலை

சென்னையில் பழைய இரும்பும் உடைந்த பொருளும் வாங்கும் கடைக்குக் 'காயலான் கடை' என்று பெயர். காயல்பட்டினத்திலிருந்து வந்த வணிகர்கள் அத்தொழிலில் முன்னின்றமையால் அப்பெயர் ஏற்பட்டது என்று எங்கள் முதியோர் கூறுவர். யானும் காயலான்தான்; ஆயினும் பேரம் பேசத் தெரியாத காயலான். தமிழ் கற்பிப்பதே என் தொழில். அத்தகைய எனக்கு 2023ஆம் ஆண்டில், ஒரு பழைய காருக்குக் காயலான் கடை விலையை வரையறுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. நடுவுநிலைமை என்னும் குறள் அதிகாரத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். அதில் எனக்கே விளங்காதிருந்த ஒன்றை அந்த ஒரு வாரம் விளக்கிற்று. அதனை நம் மாணவர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அது 1988ஆம் ஆண்டுப் பதிவுடைய பிரீமியர் பத்மினி. துறைமுகத்தில் சரக்கு விடுவிப்பு முகவர் ஒருவரிடம் கணக்கராய் இருந்த என் வாப்பா, 1991இல் அதனை வேறொருவரிடமிருந்து வாங்கினார்கள். அப்போது நாங்கள் இராயபுரத்தில் குடியிருந்தோம். லாத்தாவின் திருமணத்தன்று மாப்பிள்ளையை ஏற்றி வந்ததும், நள்ளிரவில் உம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும் அவ்வண்டியே. பின்னர்த் திருவொற்றியூரில் வீடு கட்டிக் குடியேறினோம். 2021இல் வாப்பா இறையடி சேர்ந்த பிறகு, கடலுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள அவ்வீட்டு வாசலில் வண்டி அசையாது நின்றுவிட்டது.

வட சென்னைக்கு வண்டிகளும் இரும்பும் புதியவை அல்ல. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856இல் புறப்பட்டது எங்கள் இராயபுரத்திலிருந்துதான். 1948இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி விற்றது. 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிப் பார வண்டிகளின் பக்கம் திரும்பியது. பம்பாய்க் குர்லாவில் பிறந்த எங்கள் பத்மினி, இந்த உப்புக் காற்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்.

ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்து வந்த அதன் பதிவு 2023இல் முடிவடைய இருந்தது. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்னர் 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆகியிருந்தது. ஆகவே விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. வாப்பாவின் பொருள் என்பதால் அது எங்கள் நால்வருக்கும் உரியது. மார்க்கச் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. முப்பத்திரண்டு கூறாக்கினால் உம்மாவுக்கு 4, எனக்கு 14, லாத்தாவுக்கு 7, தங்கைக்கு 7. விற்கும் பொறுப்பை மூவரும் என்னிடம் ஒப்படைத்தனர்.

விலையை எங்ஙனம் அறிவது? 2021 ஆகஸ்டில் மைய அரசு வெளியிட்ட பழைய வண்டிக் கழிவுக் கொள்கை, கழிக்கும் வண்டிக்குப் புதிய வண்டி விலையில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு கிடைக்கும் என்கிறது. பத்மினியின் உற்பத்தியோ 2000ஆம் ஆண்டையொட்டி நின்றுபோனது. புதிய பத்மினி இருந்தால் அன்றோ அதில் விழுக்காடு காண்பது! எனவே எடைக்கணக்கே துணை என்று தெளிந்து, எங்கள் பகுதிக் கடைக்காரர் ஒருவரையும் புதுப்பேட்டையில் பழைய உதிரிப் பொருள் விற்கும் ஒருவரையும் அணுகினேன். முதலாமவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பாராமல், "மொத்தமாப் பதினைஞ்சாயிரம்" என்றார். இரண்டாமவர் பொறுமையாகக் கணக்குச் சொல்லித் தந்தார்.

வண்டியின் எடை ஏறத்தாழ 900 கிலோ. கண்ணாடி, இரப்பர், இருக்கைப் பஞ்சு முதலியவை எடைக்கு உதவா. பிரித்தபின் தேறும் இரும்பு 600 கிலோ, அன்று அவர் கூறிய விலை கிலோ 28 ரூபாய், ஆக 16,800. ரேடியேட்டரின் பித்தளை, கம்பிகளின் செம்பு, இயந்திரத்தின் அலுமினியம், பேட்டரியின் ஈயம் ஆகியவற்றுக்கு 4,800. முன்விளக்கு, பம்பர், கைப்பிடி முதலிய உதிரிகளுக்கு 4,000. கூடுதல் 25,600 ரூபாய். "இதுக்கு மேல எவன் கொடுத்தாலும் ஆசைக்குக் கொடுக்கிறான், கீழ கேட்டா ஏமாத்தப் பார்க்கிறான்" என்றார் அவர். கல்லூரியில் படிக்காத பொருளியல் அது.

ஆசைக்குக் கொடுப்பவரும் வந்து சேர்ந்தார். சரக்குப் பெட்டக முனையத்தில் வேலை பார்க்கும் இளைஞர். அவருடைய தந்தை இதே வகை வண்டியை வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காத்தவராம். அழைத்து வந்த தரகர் காதைக் கடித்தார்: "பாய், நாற்பதாயிரத்துக்கு ஒத்துக்குவாரு." அவ்விளைஞர் கதவைத் திறந்து மூடி, அந்த ஓசையைக் கேட்டே மகிழ்ந்தார். ஞாயிறன்று பணத்துடன் வருவதாகக் கூறிச் சென்றார்.

வெள்ளியன்று தொழுகை முடிந்து வந்து வண்டியைத் தூய்மை செய்தேன். ஓட்டுநர் இருக்கையின் கீழிருந்த இரப்பர் விரிப்பைத் தூக்கியபோது, ஊன்றிய விரல் தகட்டினூடே கீழே சென்றுவிட்டது. மேலே வண்ணப்பூச்சு பளபளக்க, உப்பும் ஈரமும் அடியில் இரும்பைத் தின்றிருந்தன. இந்த வகைக் காருக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே சட்டமாக நின்று பாரம் தாங்குகிறது. ஆகவே அது வெறும் ஓட்டை அன்று. முதுகெலும்பில் நேர்ந்த முறிவு.

தரகரிடம் கூறினேன். "விரிப்பை எதுக்குத் தூக்குறீங்க பாய்? பழைய வண்டின்னு தெரிஞ்சுதானே வாங்குறாரு!" என்றார். அவர் கூற்றில் சிறிது நியாயம் இருப்பது போலவும் தோன்றியது. 40,000 எனில் சகோதரியர்க்குத் தலைக்கு 8,750. 25,600 எனில் 5,600. வேறுபாடு 3,150 ரூபாய். லாத்தாவின் மகளுக்கு அம்மாதம் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. என் பங்கை நான் இழக்கலாம். அவர்கள் பங்கை இழக்க எனக்கு என்ன உரிமை?

இருவரிடமும் தொலைபேசியில் கூறினேன். தங்கை சிறிது நேரம் பேசவில்லை. "காக்கா, நீங்க சொல்லாமலே வித்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்ச பிறகு அந்தக் காசு எனக்கு எதுக்கு?" என்றாள். லாத்தா அவ்வாறு கூறவில்லை. "தம்பி, உன் நேர்மைக்கு என் பங்கிலிருந்தா விலை கொடுக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அவ்விரவு உறக்கம் வரவில்லை. மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் கண்டு, மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரை வினவிய செய்தி நினைவுக்கு வந்தது. அக்குவியலின் ஈரத்துக்கும் என் இரப்பர் விரிப்புக்கும் வேறுபாடு இல்லை. அப்போதுதான் லாத்தாவின் வினாவுக்கும் விடை கிடைத்தது. அந்தக் கூடுதல் 14,400 ரூபாய் எங்களுடையதே அன்று. அது அவ்விளைஞர் அறியாமையின் விலை. எங்களுக்கு இல்லாத ஒன்றில் லாத்தாவுக்குப் பங்கு ஏது?

ஞாயிறன்று விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். இளைஞரின் முகம் வாடியது. சொல்லின்றிச் சென்று, மாலையில் டிங்கர் வேலை செய்பவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் படுத்துத் தட்டிப் பார்த்து, தகடு வெட்டிப் பற்றவைத்தால் வண்டி பிழைக்கும் என்றும் அதற்கான செலவு இவ்வளவு என்றும் கூறினார். இளைஞர் தயங்கியபடியே, "சார், இருபதாயிரத்துக்குத் தர முடியுமா?" என்று கேட்டார்.

உண்மை கூறிய பெருமிதத்தில் இருந்த நான் உடனே இசைய வாயெடுத்தேன். லாத்தாவின் வினா என்னைத் தடுத்தது. இப்போது அது முற்றிலும் நியாயமான வினா. பிரித்து எடைக்குப் போட்டாலே 25,600 கிடைக்கும் பொருளை 20,000க்குக் கொடுத்தால், அந்தத் தாராளத்தின் பெரும்பகுதி உம்மாவின் பணம், சகோதரியரின் பணம். பிறர் பங்கிலிருந்து வழங்குவது ஈகை ஆகாது.

புதுப்பேட்டைக் கணக்கை அப்படியே அவர்முன் வைத்தேன். அவர் தாளை இரு முறை படித்தார். "சார், கணக்கு சரி. ஆனா என்னால இருபத்து நாலுதான் முடியும்" என்றார். எஞ்சிய 1,600 ரூபாயை என் பங்கில் கழித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். உம்மாவுக்கு 3,200, சகோதரியர் இருவருக்கும் தலைக்கு 5,600, எனக்கு 11,200க்கு மாறாக 9,600. வாப்பாவின் வண்டி எடைக்குப் போகாமல் சாலைக்குப் போவதற்கு நான் மனமுவந்து கொடுத்தது அது. வண்டியை முதலில் வாரிசின் பெயருக்கும், பின்னர் அவர் பெயருக்கும் மாற்றிக் கொடுத்தோம். பதிவைப் புதுப்பிக்கும் பொறுப்பை அவர் ஏற்றார்.

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், புகார் வணிகரின் நெஞ்சை நுகத்தடியின் நடுவே நிற்கும் ஆணிக்கு ஒப்பிடுகிறார். அவ்வுவமையை நயம் பாராட்டிப் பலமுறை நடத்தியிருக்கிறேன். நடு என்பதை வாங்குபவர்க்கு வஞ்சகம் செய்யாமை என்று மட்டுமே அந்நாளில் கருதினேன். நுகத்தடிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் விலை கொடுப்பவர். மறுபக்கம் நம்மை நம்பிப் பொருளை ஒப்படைத்தவர். ஆணி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வண்டி நேரே செல்லாது.

பணத்தைக் கொடுக்கச் சென்றபோது லாத்தா எண்ணிப் பார்த்துவிட்டு, "டிங்கர் வேலைக்கு நல்ல தகடாப் போடச் சொன்னியா?" என்று கேட்டாள். கோபம் முழுதும் தணிந்திருக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆயினும் தேநீர் வந்தது. வழக்கம்போல் சர்க்கரை சற்றுக் கூடுதலாகவே இருந்தது.