சாமி வர்ற நேரத்துக்குக் கதை சொல்றவர்!

உங்களுக்கு ஒரு டெஸ்ட். சாயங்காலம் ஒரு கதையை ஆரம்பிக்கிறீர்கள். கதையில் அந்தப் பெண் கொல்லப்படும் கட்டமும், கோயிலில் சாமக்கொடை பூஜைக்கு மணி அடிக்கும் நேரமும் ஒன்றாக வந்து சேர வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. ஆனால் பூஜை எத்தனை மணிக்கு என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது! பூசாரி ரெடியானால்தான் பூஜை. உங்கள் கையில் பேப்பர் கிடையாது. வாட்ச்சைப் பார்த்தால் மரியாதை இல்லை. முடியுமா?

"முடியாது" என்பவர்கள் என்னோடு நாகர்கோவில் பஸ் ஏறுங்கள். "முடியும்" என்பவர்கள் கண்டிப்பாக ஏறுங்கள்!

திருநெல்வேலியிலிருந்து போனால் காவல்கிணறு தாண்டியதும் காற்றாலைகள் கூட்டம் கூட்டமாக வரும். எல்லாரும் போனை எடுத்து அதைத்தான் படம் பிடிப்பார்கள். நீங்கள் கொஞ்சம் கீழே பாருங்கள். முப்பந்தலில் ரோட்டோரமாக இசக்கியம்மன் கோயில். லாரி டிரைவர்கள் நிறுத்திக் காணிக்கை போட்டுவிட்டுத்தான் போவார்கள். நம்பியவன் நகைக்காகக் கொன்று போட்ட ஒரு பெண், சாட்சிக்கு இருந்த கள்ளிச் செடியின் கொப்பையே பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டுத் திரும்பி வந்த கதைதான் இசக்கி கதை. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். கள்ளி மட்டும் மாறாது. அன்று ராத்திரி நான் கேட்கப் போனதும் இதே கதைதான்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நண்பன் காத்துக்கொண்டிருந்தான். பி.காம். இரண்டாம் வருஷம். ஒரு கையில் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ், இன்னொரு கையில் துணியில் சுற்றிய பத்தி. பத்தி என்றால் ஊதுபத்தி இல்லை பாஸ்! வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் அடிக்கிற விசிறி மாதிரி சாமான். அவன் தாத்தா வில்லுப்பாட்டுப் புலவர். இவன் அந்த செட்டில் குடம் அடிக்கிறான். மறுநாள் காலை பத்து மணிக்கு செமஸ்டர் எக்ஸாம்.

அவன் கஷ்டம் புரிகிறதா? குமரி, நெல்லைப் பக்கம் 'கொடை' என்றால் அம்மன், மாடன் கோயில்களின் திருவிழா. பெரிய சீசன் பங்குனி, சித்திரை. அதே மாதங்களில்தான் யுனிவர்சிட்டியும் டைம் டேபிள் போடுகிறது. அவனுக்கு விழுந்த இரண்டு அரியருமே செவ்வாய்க்கிழமை ராத்திரிகளால் வந்தவை. அம்மன் கொடைக்குச் செவ்வாய் விசேஷம்.

ஊர் பேர் வேண்டாம். டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம், அப்புறம் வாழைத்தோட்டம் வழியாக நடை. சீரியல் லைட், புனல் ஸ்பீக்கர், ஏத்தம்பழ பஜ்ஜி, கட்டஞ்சாயா. எல்லாக் கொடையும் போலத்தான். ஆனால் பந்தல் போட்டிருந்த இடத்தைப் பார்த்து நான் முழித்தேன். மேடை ஜனங்களைப் பார்த்து இல்லை, அம்மன் நடையைப் பார்த்து இருக்கிறது! நாமெல்லாம் ஓரத்தில்தான் உட்கார வேண்டும். கதை அம்மனுக்கு. நாம் ஒட்டுக்கேட்கிறோம், அவ்வளவுதான்.

பத்தடிக்கு மேல் நீளமான வில். பனைவைரத்தைச் சீவிச் செய்தது. அதை மண்குடத்தின் மேல் சாய்த்துக் கட்டி, மணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் புலவர், கையில் இரண்டு வீசுகோல். பக்கத்தில் உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை. வலத்தே பாட ஆள், இடத்தே பாட ஆள். புலவர் ஒரு வரி சொன்னால் "ஆமா!" போடுவதும் இவர்கள்தான். சும்மா தலையாட்டுகிற வேலை என்று நினைத்தேன். இல்லை! புலவர் மூச்சு வாங்குவதும், அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிப்பதும் அந்த ஆமாவுக்குள்தான்.

காப்பு, குருவடி, அவையடக்கம் எல்லாம் முடிந்து கதைக்குள் போனார். பாட்டு கொஞ்சம், பேச்சு கொஞ்சம். ஜனங்கள் சிரித்தார்கள், உச்சுக்கொட்டினார்கள். பதினோரு மணி வாக்கில் அந்தப் பெண் நகைகளோடு காட்டுக்குள் நடந்து போகிறாள். அந்த நேரம் பார்த்துக் கமிட்டிக்காரர் ஒருத்தர் குனிந்து வந்து புலவர் காதில் சொன்னார்: "பூசைக்கு இன்னும் அரை மணிக்கூறு ஆவும்."

இன்னும் நாலு வரியில் கொலை விழ வேண்டிய இடம்! புலவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கோலைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அந்தப் பெண்ணின் காலில் ஒரு முள் குத்திவிட்டது! முள்ளை எடுக்கவே பத்து நிமிஷம். உட்கார்ந்தவளுக்குத் தாகம். தண்ணீர் தேடிப் போகிற வழியில் என்னென்ன மரம், என்னென்ன பறவை... ஆச்சிகள் எல்லாம் "அய்யோ, போவாத பிள்ளே" என்று பதறுகிறார்கள். நேரம் போக்குவதற்கான ஐடியா என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கும் பதறியது. அந்த முள் அரை மணி நேரத்தில் கதையையே கனமாக்கிவிட்டது.

நடையில் மணி அசைந்ததை ஓரக்கண்ணால் பார்த்தார். மரம், பறவை எல்லாம் அப்படியே நின்றது. தாளம் மாறியது. அவன் மடியில் அவள் தூங்குகிறாள். தலையைப் பைய மணலில் இறக்கி வைக்கிறான். கல்லைத் தூக்குகிறான். நண்பனின் பத்தி குடத்தில் இறங்க இறங்க என் நெஞ்சில் அடிப்பது மாதிரி இருந்தது. கல் விழுந்தது, மணி அடித்தது, குரவைச் சத்தம் எழுந்தது. அதுவரை பிளாஸ்டிக் சேரில் டீ குடித்துக்கொண்டிருந்த கோமரத்தாடி எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்.

பூஜை இடைவேளையில் சுக்குக் காப்பியோடு புலவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பாட்டா, எப்படிச் சரியா அந்த நேரத்துக்கு..." என்று இழுத்தேன்.

"நான் ஜனத்தப் பாத்துப் பாடல்ல மக்ளே. சாமியாடி கால் பெருவிரலப் பாத்துத்தான் பாடுவேன். அது தரையில கோடு போட ஆரம்பிச்சா கதைய இறுக்கணும். அதுக்க முன்ன இறுக்கினா வராது."

"வரலைன்னா?"

"பூசாரிய ஒண்ணும் சொல்ல மாட்டாவ. சாமியாடியயும் சொல்ல மாட்டாவ. 'பாட்டு சரியில்ல'ம்பாவ. அடுத்த வருசம் அச்சாரம் வேற ஆளுக்குப் போவும்."

2020 பங்குனியில் லாக்டவுன் வந்தபோது வாங்கின அச்சாரங்களை ஒவ்வொரு ஊராகத் திருப்பிக் கொடுத்தாராம். 2021 ஏப்ரலில் மறுபடி திருவிழாக்களுக்குத் தடை. இரண்டு சீசன் போனது. வில் பரணில், இவர் செங்கல் சூளையில். அதைச் சொல்லும்போது மட்டும் கதையை நீட்டவில்லை.

வில்லுப்பாட்டு என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ரேடியோ, டிவி, ஸ்கூல் ஆண்டுவிழா. நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இதை மேடைக்குக் கொண்டுபோனார். அவரோடு சென்னைக்குப் போன சுப்பு ஆறுமுகம் காந்தி கதை முதல் எத்தனையோ கதைகளை வில்லில் ஏற்றினார். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கி, 2022 அக்டோபரில் மறைந்தார். அது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மேடையில் கதை முடிகிற நேரம் அழைப்பிதழிலேயே இருக்கும். கொடையில் அப்படி இல்லை. இந்தக் கொடைகளில் ஆண்களுக்குச் சமமாக நடுவில் உட்கார்ந்து கோல் பிடித்தவர் பூங்கனி அம்மாள். 2018-ல், 84 வயதில் காலமானார். அவர் பேரைச் சொன்னதும் பாட்டா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

சரி, அடுத்த ஆள் யார்? பாட்டாவுக்குப் பேரன்மேல்தான் கண். பேரனோ, "குடம் அடிக்கேன், நடுவுல மட்டும் இருக்கச் சொல்லாதீங்க" என்கிறான். அவனுக்குப் பாட்டுகள் தெரியாமல் இல்லை. தாத்தா பாடுவதை எல்லாம் போனில் ரெக்கார்டு செய்து வைத்திருக்கிறான். இசக்கி கதையை அச்சுப் புத்தகமாகவும் வாங்கிப் படித்திருக்கிறான். "பாட்டு பூரா மனப்பாடம்டா. எங்க நிறுத்தணும்னுதான் தெரியல. அது ரெக்கார்டிங்ல கேட்டா புரிய மாட்டேங்குது" என்றான். நான் அன்று கேட்டதிலேயே முக்கியமான வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன். முள் குத்திய அரை மணி நேரம் எந்தப் புத்தகத்திலும் இல்லையே!

ராத்திரி இரண்டு மணி. பந்தலில் ஏழெட்டு ஆச்சிகள், தூங்குகிற குழந்தைகள், ஒரு நாய். பாட்டா தொண்டையைத் தடவிக்கொண்டே கோல்களைப் பேரன் பக்கம் நீட்டினார். பத்து பேர் பார்க்கிற இடத்தில் மறுக்க முடியுமா? பயல் மாட்டிக்கொண்டான்! குடத்துக்கு வேறு ஆள் உட்கார, இவன் நடுவுக்குப் போனான்.

இசக்கி பிள்ளையோடு வந்து ஊர்ப் பெரியவர்களிடம் நியாயம் கேட்கிற கட்டம். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வைவாவில் தெரிந்த கேள்வி வந்தால் நாம் கொட்டுவோமே, அந்த வேகம்! தாத்தாவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிற கட்டத்தை இருபது நிமிஷத்தில் கடந்துகொண்டிருந்தான். முன்வரிசையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தர் தாங்க முடியாமல் சத்தம் போட்டார்:

"எதுக்குலே இப்பிடி ஓடுக? பஸ்ஸா போவுது? அவ பிள்ளைய எறக்கி விடட்டும்லே!"

எல்லாரும் சிரித்தார்கள். பாட்டாவும். நண்பன் ஒரு நிமிஷம் நிறுத்தினான். தண்ணீர் குடித்தான். "ஆமா!" என்று வலத்தே இருந்தவர் எடுத்துக் கொடுத்தார். இடுப்பிலிருந்து பிள்ளை இறங்கியது. அது யாரைப் பார்த்து 'அப்பா' என்று போனது, அவன் முகம் எப்படிப் போனது, பார்த்த பெரியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஒவ்வொன்றாக... ஆச்சி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டார்.

விடிகிற நேரம் வாழி பாடி முடித்து வில்லை அவிழ்த்தார்கள். முதல் பஸ்ஸில் நண்பன் நோட்ஸைத் திறந்தான். இரண்டாவது பக்கத்தில் தூங்கிவிட்டான். காலேஜ் ஸ்டாப்பில் எழுப்பி இறக்கிவிட்டேன். ஹால் டிக்கெட்டைத் தேடினால், பத்தி சுற்றிய துணிக்குள் இருந்தது.

நீங்களும் போக ஆசைப்பட்டால் பங்குனி, சித்திரையில் செவ்வாய் அல்லது வெள்ளிக்கிழமை நாகர்கோவில் பக்கம் இறங்கி, எந்த ஊரில் கொடை என்று டீக்கடையில் கேளுங்கள். அம்மனுக்கும் புலவருக்கும் குறுக்கே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். சாமக்கொடை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். முன்வரிசையில் வெற்றிலை உரலோடு யாராவது ஓர் ஆச்சி இருப்பார். அவர் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.