வாடைக் காற்றும் மணியின் மூக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

நாய் என்றவுடன் காவலும் வேட்டையுமே நம் நினைவுக்கு வரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் நாட்டு நாய்களின் பெருமையைப் பேசாதவர் இல்லை. நான் இங்கே எழுதப் புகுவது அவற்றைப் பற்றியன்று. பறவையைக் கண்டதும் பாயாமல் நிற்கக் கற்றுக்கொண்ட ஒரு சாதாரண நாட்டு நாயைப் பற்றியது. அதன் பெயர் மணி. எங்கள் ஊர் மூலனூர்.

மேல்நாடுகளில் பறவை நாய் என்றே தனி இனங்கள் உண்டு. பாயிண்டர், செட்டர் என்பன அவற்றின் பெயர்கள். புதரில் பதுங்கியிருக்கும் பறவையின் வாடையை மோப்பம் பிடித்து, அசையாமல் நின்று, மூக்கினாலேயே திசை காட்டுவது அவற்றின் தொழில். எந்த நாய் நன்றாக நிற்கிறது என்று பார்க்கப் போட்டிகளும் வைத்தார்கள். இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டு பெட்ஃபோர்ட்ஷயரில் சவுத்ஹில் என்னும் இடத்தில் முதற்போட்டி நடந்தது. அமெரிக்காவில் 1874இல் மெம்பிஸ் நகரருகே நடந்தது. எல்லாம் துப்பாக்கிக்காரர்களின் விளையாட்டு. ஆனால் இதே வித்தையை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்திய ஒருவரும் உண்டு. நியூசிலாந்தில் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் 1894இல் ரெசல்யூஷன் தீவின் காவலராக அமர்ந்தார். பறக்க மாட்டாத காக்கப்போ கிளிகளையும் கிவிகளையும் கீரி போன்ற பகை விலங்குகளிடமிருந்து காக்க, வாய்ப்பூட்டுப் போட்ட நாயைக் கொண்டு அவற்றைத் தேடிப் பிடித்துத் தீவில் கொண்டுபோய் விட்டார். ஸ்டோட் என்னும் அந்தப் பகை பின்னாளில் நீந்தி அத்தீவையும் அடைந்துவிட்டது என்பது வேறு கதை. பல்லில்லாமல் மூக்கு மட்டும் வேலை செய்யும் நாய் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

எங்களூர்ப் பக்கம் வராதவர்களுக்குக் கொறங்காடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். மழை மறைவுப் பகுதி எங்களுடையது. உழுது விதைத்து நம்பியிருக்க வானம் இடம் கொடாது. ஆகவே நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டு, உள்ளே கொளுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக விட்டு, ஆடு மாடுகளை மேய விடுவார்கள். காங்கயம் காளை வளர்ந்ததெல்லாம் இந்தப் புல்லில்தான். வெள்வேலங்காய் உதிரும் பருவத்தில் ஆடுகள் மரத்தடியை விட்டு நகரா. இந்த வேலியடியிலும் புல்லிடுக்கிலும்தான் கவுதாரி குடியிருக்கிறது. அதன் அறிவியல் பெயரில் புதுச்சேரியின் பெயர் இருக்கிறது என்று வகுப்பில் கேட்டபோது, எங்கள் வேலியடிப் பறவைக்கு இத்தனை தூரத்து முகவரியா என்று வியந்தேன். மழைக் காடைக்கும் அப்படியே. அதன் பெயரில் கோரமண்டலக் கரை இருக்கிறது. கொங்கு நாட்டில் காடை குலம் என்றே ஒரு கூட்டம் இருப்பதை வெள்ளைக்காரர் அறிந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்களோ என்னவோ!

என் அப்புச்சிக்கு இப்போது வயது 76. அவருடைய இளமையில், கூண்டில் வளர்த்த கவுதாரியைக் கூவ விட்டுக் கண்ணி வைப்பதும், நாயை விட்டுப் புதரைக் கலைப்பதும் ஊரில் சாதாரணம். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் அதைத் திருத்தி வேட்டையின் கதவை அடைத்தார்கள். சுடுவதும் பிடிப்பதும் மட்டுமல்ல, துரத்துவதும் சட்டப்படி வேட்டைதான். இதை எங்கள் பேராசிரியர் சொல்லிக் கேட்டபின், "நாய் துரத்துனா நாயா கோர்ட்டுக்குப் போகும்?" என்று அப்புச்சி சிரித்தார். "நாயை விட்டவங்க போகோணும் அப்புச்சி" என்றேன். சிரிப்பு நின்றது.

மணிக்கு வந்த ஆபத்து சட்டத்தால் வந்ததன்று. 2024ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டி புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்தி அடிக்கடி வந்தது. செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலையில் அமர்ந்து இழப்பீடு கேட்டதைப் பலரும் படித்திருப்பீர்கள். பங்காளிப் பெரியப்பா ஒருவருக்கு ஒரே இரவில் ஏழு உருப்படி போயிற்று. பட்டி மேய்த்துப் பிழைக்கும் வீட்டில் ஏழு உருப்படி என்பது ஒரு வருஷத்துச் செலவு. அதன்பின் காட்டில் தனியே திரியும் எந்த நாயையும் அவர் நாயாகப் பார்க்கவில்லை.

மணிக்கு அப்போது வயது ஒன்றரை. ஆட்டை அது ஏறெடுத்தும் பார்க்காது. ஆனால் கவுதாரி விருட்டென்று எழுந்தால் வேலி தாண்டி ஓடும். இதைப் பெரியப்பா பார்த்துவிட்டார். "குருவிக்கு ஓடற நாயி நாளைக்குக் குட்டிக்கு ஓடும். தை பொறக்கறதுக்குள்ள இதைய எங்கியாச்சும் கொண்டுபோயி விட்டுப்போடுங்க. இல்லீன்னா நானே பாத்துக்கறேன்" என்றார். அவர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் இருபது ஆடு இருக்கிறது.

அப்புச்சி அன்று இரவு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஓடறதுக்குப் பழக்குனவன் நானு. நிக்கறதுக்கும் பழக்கலாம். மழை வரட்டும் அம்முணி" என்றார்.

மழைக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை எங்களூரில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடை ஒரு நொடி தங்காது. சித்திரை வெயிலில் தரை கொதிக்கும்போதும் அப்படியே. ஐப்பசியில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து மெதுவாக வரும். தரை குளிர்ந்து ஈரமாக இருக்கும். அப்போதுதான் நாயின் மூக்குக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது.

அறிவியல் மாணவி என்ற முறையில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். என் அக்காள் வேலை செய்யும் பனியன் கம்பெனியிலிருந்து வந்த வேஸ்ட் துணியைப் பந்தாகச் சுற்றி, கறிக்கடையில் வாங்கிய பண்ணைக் காடையின் சிறகுகளை அதில் கட்டினோம். அதைக் கயிற்றில் கட்டிப் புல்லின்மேல் நூறடி இழுத்துக்கொண்டு போய் மறைத்துவிட்டு, நேரம் குறித்துக்கொண்டு மணியை அழைத்து வருவேன். புரட்டாசி நடுப்பகலில் பத்து நிமிடத்துக்குப் பின் மணி வெறுமனே சுற்றிச் சுற்றி வந்தது. தூறல் நின்ற காலையில் ஒரு மணி நேரம் கழித்து விட்டாலும் நேரே போயிற்று. பெருமழை அடித்து ஓய்ந்த மாலையில் மீண்டும் ஒன்றுமில்லை. வாடையெல்லாம் வாய்க்காலில் போய்விட்டது. ஈரமும் குளிர்ச்சியும் வாடையைத் தரையோடு பிடித்து வைக்கின்றன, வெள்ளம் அதைக் கழுவிவிடுகிறது என்று இரண்டு வரியில் எழுதிவிடலாம். அந்த இரண்டு வரிக்கு எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. முதல் மழையில் எழும் மண்வாசனைக்கு 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் தனிப்பெயர் சூட்டினார்கள். நமக்கு அந்த வாசனை மற்றெல்லா வாசனையையும் மூடிவிடும். மணிக்கு அது ஒரு தடையாகவே இருக்கவில்லை.

நிற்கப் பழக்கியது வயலில் அன்று, திண்ணையில். சோளக்களித் தட்டை முன்னே வைத்து "நில்லு" என்பார் அப்புச்சி. பத்து எண்ணும்வரை தட்டில் வாய் வைக்கக் கூடாது. பிறகு இருபது. பிறகு அவர் எழுந்து தொழுவம் வரை போய்த் திரும்பும் வரை. ஒரு நாளும் கை ஓங்கவில்லை. "அடிச்சுப் பழக்குனா உன்னையப் பாத்து நிக்கும். பழகி நின்னாத்தான் நீ இல்லாதப்பவும் நிக்கும்" என்பார். அதன்பின் நீளக் கயிற்றோடு காட்டுக்குப் போனோம். மழைக்காலக் கயிறு ஒரு தனித் தொல்லை. பருத்திக் கயிறு நனைந்தால் நாயைவிடக் கனக்கும். நைலான் கயிறு கையில் வழுக்கித் தோலை உரிக்கும். சரளை மண்ணில் நடப்பது சுலபம். கரிசல் மண்ணில் இறங்கினால் மணியின் விரலிடுக்கில் மண் உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து நக்கத் தொடங்கிவிடும். மழைக்குப் பின் உண்ணியோ சொல்லி முடியாது. காது மடலுக்குள்ளும் வாலடியிலும் தினமும் விளக்கு வெளிச்சத்தில் பொறுக்குவேன். நாய் வளர்க்க ஆசைப்படும் தோழிகள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கவும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் முறையும் படிக்கவும்.

காட்டுப் பறவையிடம் பழக்கம் செய்வதில்லை என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். அதற்குப் பண்ணைக் காடை இரண்டு வாங்கி வலைக் கூண்டில் வைத்து, மேலே சாக்குப் போட்டு மறைத்தோம். கயிற்றால் சாக்கை இழுத்தால் காடை படபடக்கும். அந்தச் சத்தத்துக்கு மணி நிற்க வேண்டும். முதல் வாரம் கூண்டையே உருட்டிவிட்டது. மூன்றாம் வாரம் முன்கால் ஒன்றைத் தூக்கியபடி, உடம்பெல்லாம் நடுங்க, நின்றது. அது என்ன பெரிய காரியம் என்று நினைப்பவர்கள், பசித்த வேளையில் பந்தி இலையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. அதன் பின்னான நாட்களில் எங்களூரில் மூட்டமும் தூறலுமாக இருந்தது. அத்தகைய ஒரு காலையில் அப்புச்சியே பெரியப்பாவின் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தார். "வந்து பாருங்க மாப்ள. நிக்கலீன்னா இன்னைக்கே கொண்டுபோயி விட்டுடறோம்" என்றார். என்னிடம் அவர் அப்படிக் கேட்கவில்லை. அப்படி ஒரு வாக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லவுமில்லை.

காடைக் கூண்டைப் புல்லுக்குள் மறைத்திருந்தோம். எங்கள் ஆடுகள் பக்கத்திலேயே மேய்ந்தன. காற்று முகத்துக்கு நேரே வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் புறப்பட்டபோது பெரியப்பா, "கயித்த அவுத்துடு சாமி. ராத்திரியில கயிறா புடிச்சுட்டு நிக்கப் போறே?" என்றார். அப்புச்சியைப் பார்த்தேன். அவர் தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியைச் சரி செய்துகொண்டிருந்தார். அவிழ்த்துவிட்டேன்.

மணி குனிந்த தலையோடு போயிற்று. கூண்டுக்குப் பாதி தூரத்திலேயே சட்டென்று நின்றுவிட்டது. மூக்கு கூண்டின் பக்கம் இல்லை. இடப்பக்க வேலியைப் பார்த்திருந்தது. சாக்குக் கயிறு என் கையில் இருந்தது, இழுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "என்ன, நாயி பாதியில நின்னுபோச்சு?" என்றார் பெரியப்பா. அப்புச்சி வாயில் விரலை வைத்தார்.

நாங்கள் யாரும் வேலியை நெருங்கவில்லை. சற்று நேரத்தில் கிளுவையடியிலிருந்து ஒரு கவுதாரி வெளியே வந்து, எங்களைக் கண்டு, ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் நான்கைந்து சேர்ந்து விர்ரென்று எழும்பின. அந்தச் சத்தத்தில் ஆடுகள் மிரண்டன. குட்டி ஒன்று தாயை விட்டுப் பிரிந்து மணியின் மூக்குக்கு நேர் முன்னால், ஒரு முழம் தள்ளி, கத்திக்கொண்டே ஓடியது.

எனக்கு "நில்லு" என்று சொல்ல வாய் வரவில்லை. யாரும் சொல்லவில்லை. மணியின் தோள் நடுங்கியது. தலை குட்டியின் பின்னால் திரும்பியது. பிறகு ஈரப் புல்லில் பின்புறத்தை வைத்து உட்கார்ந்தது. உட்கார்ந்துகொண்டு அப்புச்சியைத் திரும்பிப் பார்த்தது, களித் தட்டு எங்கே என்பது போல.

பெரியப்பா சிறிது நேரம் பேசாமல் நின்றார். குட்டியைத் தூக்கித் தாயோடு சேர்த்தார். "பகல்ல இருக்கட்டும். பொழுது எறங்குனா சங்கிலி போட்டுரோணும். அது நின்னாலும் இன்னொண்ணு கூட்டிட்டுப் போயிரும்" என்றார். அதற்கு நாங்கள் ஒப்புக்கொண்டோம். நாய்கள் கூட்டம் சேர்ந்தால் குணம் மாறும் என்பதை அப்புச்சியும் மறுக்கவில்லை. சந்தையில் ஒரு சலங்கையும் வாங்கிக் கழுத்தில் கட்டினோம், மணி எங்கே இருக்கிறது என்று பெரியப்பாவின் பட்டி வரை கேட்கும்படி.

தை பிறந்தது. காற்று காய்ந்தது. நோட்டில் எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று. வேலியடிக் கவுதாரிகள் எத்தனை என்று தூரத்தில் நின்று எண்ணிக்கொண்டு வரும்படி பேராசிரியர் சொல்லியிருக்கிறார். மணியைக் கயிற்றோடு அழைத்துப் போகலாமா என்று கேட்டேன். முட்டை வைக்கும் காலத்தில் கூடாது, மற்ற நாளில் பறவை எழும்பாத தூரத்தில் நிற்பதானால் சரி என்றார். அந்தத் தூரம் எவ்வளவு என்று இந்த ஐப்பசியில்தான் அளந்து பார்க்க வேண்டும்.